தலை எண்ணெயில் வாசனைத் தைலம்: அளவறிந்து சேர்ப்போம்!



உங்கள் வீட்டு அலமாரியை ஒரு முறை திறந்து பாருங்கள். காய்ச்சி வடிகட்டிய தேங்காய் எண்ணெய் ஒரு புட்டியில் இருக்கும். அதன் அருகே பெருநாளைக்கு வாங்கிய அத்தர், சளிக்கென வைத்திருக்கும் நீலகிரித் தைலம், ஒரு டப்பாவில் சிறிது கற்பூரம் ஆகியனவும் இருக்கும். அண்மைக் காலமாக ரோஸ்மேரி, லாவெண்டர், டீ ட்ரீ என்று பெயர் எழுதிய சின்னஞ்சிறு குப்பிகளும் இவற்றோடு சேர்ந்துகொண்டுள்ளன. 'எசன்ஷியல் ஆயில்' என்று கடைகளில் விற்கப்படும் வாசனைத் தைலங்கள் இவை. "இரண்டு மூடி ஊற்றிக்கொள், முடி நன்றாக வளரும்" என்று பக்கத்து வீட்டுச் சகோதரி சொல்வார், நாமும் ஊற்றிவிடுவோம். அந்த இரண்டு மூடியில்தான் ஆபத்து இருக்கிறது.

எண்ணெய் வேறு, தைலம் வேறு

நம் பாட்டிமார் கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் முதலியவற்றை எண்ணெயிலிட்டுக் காய்ச்சினார்கள். அவற்றின் சாரத்தில் ஒரு சிறு பகுதியே எண்ணெயில் இறங்கும். வாசனைத் தைலமோ அத்தகையதன்று. இலையையும் பூவையும் பட்டையையும் நீராவியில் வடித்து, அவற்றின் சாரத்தைத் திரட்டி எடுப்பது அது. ஒரு கிலோ ரோஜாத் தைலம் எடுக்க ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ பூக்கள் தேவைப்படுகின்றன என்றால், ஒரு துளியின் வீரியத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். எனவே தைலத்தைத் தனியாக ஒருபோதும் தலையில் தேய்க்கலாகாது.

பயன் உண்டா?

பயனே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஈரானிய ஆய்வில், பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் ஒரு சாராருக்கு ரோஸ்மேரித் தைலமும், மற்றவர்களுக்கு 2 சதவீத மினாக்சிடில் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் இரு சாராரிடமும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆறு மாதத்தில் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் கிடைத்தது. ஆகவே பொறுமை வேண்டும். அளவைக் கூட்டுவதால் முடி விரைந்து வளர்ந்துவிடாது.

பொடுகுக்கு டீ ட்ரீ நல்லது என்பதற்கும் 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஆனால் அதில் தைலம் 5 சதவீத அளவில் ஷாம்பூவில் சேர்க்கப்பட்டது. தேய்த்த மூன்று நிமிடங்களில் தலை அலசப்பட்டது. இரவு முழுவதும் தலையில் ஊறும் எண்ணெயில் அதே அளவைச் சேர்ப்பது முறையாகாது.

இரத்தச் சோகை, தைராய்டுக் கோளாறு, பிரசவத்திற்குப் பிந்திய உடல் மாற்றம் ஆகியவற்றாலும் முடி உதிரும். அவற்றுக்குரிய கவனிப்பை விட்டுவிட்டுத் தைலத்தை மட்டும் நம்பியிருப்பது காலத்தை வீணாக்குவதாகும்.

கலக்கும் முறை

1. மூலிகை எண்ணெயைக் காய்ச்சி, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூடான எண்ணெயில் தைலத்தை ஊற்றினால் அது ஆவியாகிவிடும். அடுப்பருகே தீப்பற்றவும் கூடும்.

2. 100 மில்லி எண்ணெய்க்கு 20 துளி தைலம் போதும். ஏறத்தாழ 20 துளி ஒரு மில்லி ஆகும். அதாவது இது ஒரு சதவீதம். இரண்டு மூன்று தைலங்களைச் சேர்ப்பதாயினும் மொத்தம் 20 துளிதான். மூடியால் அளக்காமல், ஃபில்லரால் துளித்துளியாக எண்ணி விடுங்கள்.

3. கலந்த எண்ணெயில் ஒரு சொட்டை முழங்கையின் உட்புறம் தடவி, இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ தடிப்போ தோன்றினால் அதைத் தலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

4. நிறமுள்ள கண்ணாடிப் புட்டியில், வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வையுங்கள். நாள்பட்டுக் காற்றுப்பட்ட தைலம் ஒவ்வாமையைத் தூண்டும். எனவே சிறிதளவே தயாரித்து, கலந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

கிராம்புத் தைலமும் பட்டைத் தைலமும் தோலை எரிக்கக்கூடியவை. தலை எண்ணெய்க்கு அவை வேண்டாம். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த தைலத்தைத் தடவி வெயிலில் சென்றால் தோல் கன்றிப்போகும். அத்தரையும் எண்ணெயில் கலக்காதீர்கள். இன்று கிடைக்கும் பல அத்தர்களில் செயற்கை வாசனைப் பொருள்கள் சேர்ந்துள்ளன. அவை ஆடைக்கு ஏற்றவையே அன்றித் தலைத்தோலுக்கு ஏற்றவை அல்ல.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இத்தைலங்களைப் பயன்படுத்த வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கை!

சிறு குழந்தைகளின் தலைக்கு வெறும் தேங்காய் எண்ணெய் போதும். பேனுக்கும் சளிக்கும் கற்பூரத்தைப் பொடித்து எண்ணெயில் போட்டுக் குழந்தைக்குத் தடவும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. பெரியவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் சேரும். அதனால் குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததுண்டு. வயிற்றுக்குள் போனாலோ ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். நீலகிரித் தைலமும் அப்படியே. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக விழுங்கிய குழந்தைகள்கூட மயக்கமுற்றிருக்கிறார்கள். நீலகிரித் தைலத்தையும் புதினாத் தைலத்தையும் கைக்குழந்தையின் முகத்தருகே கொண்டுசெல்லவே கூடாது. அவற்றின் நெடி மூச்சைத் திணறச் செய்யும்.

வீட்டில் மூத்த பெண்மணி "எங்கள் காலத்தில் இதெல்லாம் பார்த்தோமா?" என்று கேட்கலாம். அவர்களிடம் வாதிட வேண்டாம். குழந்தையின் உடல் சிறியது, அதற்குத் தாங்கும் சக்தி குறைவு என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையின் நலன் என்றால் எந்த நன்னிதான் கேளாமலிருப்பார்?

தவறுதலாகக் குழந்தை தைலத்தையோ கற்பூரத்தையோ விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அவ்வாறு செய்தால் தைலம் நுரையீரலுக்குள் புகுந்துவிடக்கூடும். அழுகையும் இருமலும் நின்றுவிட்டதே என்று காத்திருக்கவும் வேண்டாம். வலிப்பு திடீரென வரும். உடனே 108 எண்ணை அழைத்து, அல்லது கிடைத்த வாகனத்தில் ஏறி, அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். விழுங்கிய பொருளின் புட்டியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சகோதரிகளே! பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா? இதைப் படித்து முடித்ததும் எழுந்து சென்று, அந்தக் குப்பிகளையும் கற்பூர டப்பாவையும் குழந்தையின் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிடுங்கள். தலை எண்ணெய் காய்ச்சும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.