கம்பிவழி உரையாடல்

ஒரு பள்ளியின் கணினி அறையில் பழைய கணினி ஒன்று இருப்பதாகக் கொள்க. அதில் இயங்குவது விண்டோஸ் எக்ஸ்பி. பல ஆண்டுகளாக மாணவர்கள் எழுதிய ஆண்டுமலர்க் கட்டுரைகளும் கவிதைகளும் அதன் வட்டில் உள்ளன. அவற்றுக்கு வேறெங்கும் படி இல்லை. கணினியின் யு.எஸ்.பி. துளைகள் பழுதாகிவிட்டன, வலையமைப்பு அட்டை இயங்கவில்லை, குறுந்தகடு எழுதும் கருவியும் இல்லை. வட்டைக் கழற்றிப் புதிய கணினியில் பொருத்தலாம் என்றால், அது ஐ.டி.இ. வகையைச் சேர்ந்த பழைய வட்டு. புதிய கணினியில் அதற்குரிய இணைப்பு இல்லை. புதிய கணினியில் இயங்குவதோ லினக்ஸ். பழைய கணினி முற்றிலும் நின்றுபோகும் முன் அக்கட்டுரைகளை மீட்பது எவ்வாறு?

பழைய கணினியின் பின்புறத்தில் ஒன்பது ஊசிகள் கொண்ட சிறிய இணைப்பான் ஒன்று உள்ளது. அதுவே சீரியல் போர்ட் எனப்படும் தொடர்நிலை வாயில். மீட்பதற்கான வழி அங்கே இருக்கிறது.

தொடர்நிலை இணைப்பு

கணினியில் ஒவ்வொரு தகவலும் 0, 1 என்னும் பிட்டுகளாக உள்ளது. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஒற்றையடிப் பாதையில் மக்கள் ஒருவர்பின் ஒருவராகச் செல்வதுபோல, ஒரே கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதே தொடர்நிலை இணைப்பு. இதற்குரிய ஆர்.எஸ்.-232 என்னும் நெறி 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. இந்நெறிப்படி, கம்பியில் −3 முதல் −15 வோல்ட் வரை மின்னழுத்தம் இருந்தால் அது 1. +3 முதல் +15 வோல்ட் வரை இருந்தால் அது 0.

கம்பியில் செல்வது மின்னழுத்தம் மட்டுமே. அதனை அனுப்பியது விண்டோஸா லினக்ஸா என்பது கம்பிக்குத் தெரியாது. ஆகவேதான் வெவ்வேறு இயங்குதளங்கள் உடைய கணினிகளும் இதன் வழியே பேசிக்கொள்ள முடிகிறது.

குறுக்குக் கம்பி

ஒன்பது ஊசிகளுள் இன்றியமையாதவை மூன்று. இரண்டாம் ஊசி தகவலைப் பெறுவது. மூன்றாம் ஊசி தகவலை அனுப்புவது. ஐந்தாம் ஊசி இரு கணினிகளுக்கும் பொதுவான தரை இணைப்பு.

இருவர் பேசும்போது ஒருவர் வாயிலிருந்து வரும் சொல் மற்றவர் செவிக்குச் செல்ல வேண்டும். அதுபோல, ஒரு கணினியின் மூன்றாம் ஊசி மற்றதன் இரண்டாம் ஊசியுடன் இணைய வேண்டும். இவ்வாறு கம்பிகள் குறுக்காக மாறிச் செல்லும் கேபிளுக்கு ‘நல் மோடம்’ கேபிள் என்று பெயர். நேர்க் கேபிளும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நேர்க் கேபிளைச் செருகினால் இரு கணினிகளும் பேசும், இரண்டுமே கேளா. எனவே, வாங்கிய கேபிளை மல்டிமீட்டரால் சோதித்து, ஒரு முனையின் இரண்டும் மறுமுனையின் மூன்றும் இணைந்துள்ளனவா என அறிதல் நலம்.

புதிய கணினியில் தொடர்நிலை வாயில் இல்லையெனில், யு.எஸ்.பி. துளையில் செருகும் மாற்றி ஒன்றை இடையில் பொருத்த வேண்டும்.

நான்கு உடன்பாடுகள்

எப்போது ஒரு பிட் முடிந்து அடுத்த பிட் தொடங்குகிறது என்று அறிவிக்க இந்தக் கேபிளில் தனிக் கம்பி இல்லை. பெறும் கணினி, தொடக்கப் பிட்டைக் கண்டவுடன் தன் கடிகாரத்தைக் கொண்டே எண்ணத் தொடங்குகிறது. ஆகவே இரு கணினிகளும் முன்கூட்டியே நான்கு செய்திகளில் உடன்பட வேண்டும்.

1. வேகம்: விநாடிக்கு எத்தனை பிட்டுகள்? (எடுத்துக்காட்டு: 9600)
2. தகவல் பிட்டுகள்: எட்டு
3. சரிபார்ப்புப் பிட்: இல்லை
4. நிறுத்தப் பிட்: ஒன்று

ஒரு கணினி 9600 என்றும் மற்றது 19200 என்றும் கொண்டால், திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். கம்பியிலும் கணினியிலும் பழுதில்லை; உடன்பாடுதான் இல்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒருங்குறியின் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ‘அம்மா’ என்னும் சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள் உள்ளன. ஆகவே 15 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டுடனும் ஒரு தொடக்கப் பிட்டும் ஒரு நிறுத்தப் பிட்டும் சேர்வதால், செல்ல வேண்டியவை 150 பிட்டுகள். 9600 என்னும் வேகத்தில் ஒரு விநாடிக்குள் ‘அம்மா’ என்னும் சொல் 64 முறை அக்கம்பியைக் கடந்துவிடும்.

இணைக்கும் முறை

1. இரு கணினிகளையும் அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகுக. பின்னர் இயக்குக.
2. விண்டோஸ் எக்ஸ்பியில் ஹைப்பர்டெர்மினல் என்னும் நிரல் உடன்வருவது. அதனைத் திறந்து, காம்1 என்னும் வாயிலைத் தெரிவு செய்து, மேற்கண்ட நான்கு உடன்பாடுகளையும் அமைக்கவும்.
3. மூன்று கம்பிகள் மட்டும் உள்ள கேபிளாயின், ‘ஃப்ளோ கன்ட்ரோல்’ என்னும் இடத்தில் ‘நன்’ என்பதைத் தெரிவு செய்க. இல்லையெனில், வாராத அனுமதிக்காகக் கணினி காத்துக்கொண்டே இருக்கும்.
4. லினக்ஸில் மினிகாம் என்னும் நிரலைத் திறந்து அதே அமைப்புகளைத் தருக. விண்டோஸில் காம்1 எனப்படும் வாயில் லினக்ஸில் டிடிஒய்எஸ்0 எனப்படும். யு.எஸ்.பி. மாற்றியாயின் பெரும்பாலும் டிடிஒய்யுஎஸ்பி0 என்று பெயர் பெறும்.
5. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில், ‘டயல்அவுட்’ குழுவில் சேர்க்கப்பட்ட பயனருக்கே இவ்வாயிலைத் திறக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையை ஆசிரியரிடம் கேட்டுப் பெறுக.
6. ஒரு கணினியில் ஆங்கில எழுத்துகள் சிலவற்றைத் தட்டுக. அவை மற்றதன் திரையில் தோன்றினால் இணைப்பு சரி. தட்டியவர் திரையில் அவை தோன்றாதது பழுதன்று. எழுத்துகள் அக்கரைக்குச் சென்றுவிட்டன என்பதே பொருள்.

கோப்புகளை அனுப்புதல்

நீண்ட கோப்பு செல்லும்போது வழியில் ஒரு பிட் மாறினாலும் பிழை நேரும். இதனைத் தடுக்க 1977இல் சிகாகோவைச் சேர்ந்த வார்ட் கிறிஸ்டென்சன் எக்ஸ்மோடம் என்னும் முறையை வகுத்தார். கோப்பை 128 பைட் கொண்ட பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுடனும் அதன் கூட்டுத்தொகையையும் அனுப்புவர். பெறும் கணினி தானும் கூட்டிப் பார்க்கும். தொகை ஒத்தால் ‘வந்தது’ என்று விடை தரும். ஒவ்வாவிடில் அப்பொதியை மீண்டும் கேட்கும். பின்னர் வந்த இசட்மோடம் இன்னும் நுட்பமான சரிபார்ப்பு உடையது. ஹைப்பர்டெர்மினலிலும் மினிகாமிலும் இசட்மோடத்தைத் தெரிவு செய்து கோப்பை அனுப்பவும் பெறவும் இயலும். லினக்ஸில் இதற்கு எல்ஆர்எஸ்இசட் என்னும் துணைநிரலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

30 இலட்சம் பைட் அளவுள்ள கட்டுரைத் தொகுப்பு, 9600 வேகத்தில் செல்ல ஏறத்தாழ 52 நிமிடம் ஆகும். வேகத்தை இரு கணினிகளிலும் 1,15,200 ஆக உயர்த்தினால் நான்கரை நிமிடத்திற்குள் முடியும். எனவே முதலில் 9600இல் சோதித்து, பின்னர் உயர்த்துவதே முறை.

எல்லாப் பைட்டுகளும் பிழையின்றி வந்த பின்னும் ஒரு தடை எஞ்சலாம். பழைய கட்டுரைகள் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், புதிய கணினியில் அவை தமிழாகத் தோன்றா. கம்பி சுமந்து வந்தவை எண்களே. எண்ணை எழுத்தாக்குவது எழுத்துரு. பழைய கணினியிலுள்ள எழுத்துருக் கோப்பையும் உடன் அனுப்பிவிட்டால் கட்டுரைகளைப் படிக்கலாம். பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியும் கொள்ளலாம்.

ஒவ்வொரு கோப்பின் அளவையும் இரு கணினிகளிலும் ஒப்பிட்டு, திறந்து படித்துப் பார்த்த பின்னரே பழைய கணினிக்கு விடைகொடுக்க வேண்டும்.

அறிந்துகொள்க

• ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கணினியுடன் மோடம் வழியே தொடர்புகொள்ள ஒரு நிரல் எழுதினார். அம்முயற்சியே வளர்ந்து 1991இல் லினக்ஸ் ஆயிற்று.

• ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளின் தொடர்நிலை ஊசிகள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்குவன. ஆர்.எஸ்.-232 கேபிளை அவற்றில் நேராக இணைத்தால் அவை பழுதாகும்.

சொற்பொருள்

இயங்குதளம் – கணினியை இயக்கும் அடிப்படை நிரல்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுதி
பொதி – ஒன்றாகக் கட்டிய தொகுப்பு
இன்றியமையாத – இல்லாமல் முடியாத

பயிற்சி

1. நேர்க் கேபிளால் இரு கணினிகளை ஏன் இணைக்க இயலாது?
2. இரு கணினிகளும் உடன்பட வேண்டிய நான்கு செய்திகளை எழுதுக.
3. ‘நிலா’ என்னும் சொல் 9600 வேகத்தில் ஒரு விநாடிக்கு எத்தனை முறை செல்லும்? கணக்கிடுக.
4. பிரித்து எழுதுக: வேறெங்கும், அவ்வுரிமை, முன்கூட்டியே.
5. உங்கள் வீட்டில் பழைய கணினியிலோ கைப்பேசியிலோ மட்டும் உள்ள, மீட்க வேண்டிய ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.