பழுதுபார்த்த பல்செட்டு ஏன் மஞ்சளாகிறது?

பழுதுபார்த்த பல்செட்டில் சில மாதங்கள் கழித்து ஒட்டிய இடம் மட்டும் மஞ்சளாகத் தெரிவதுண்டு. சரியாகத் துலக்கவில்லையோ என்று அணிபவர் வருந்துகிறார். வீட்டிலுள்ளோரும் சில வேளை அவரைக் கடிந்துகொள்கின்றனர். ஆனால் அந்த மஞ்சள் எப்போதும் அழுக்கன்று. பல நேரங்களில் அது பொருளின் உள்ளிருந்தே தோன்றுவது.

பல்செட்டின் ஈறு நிற அடிப்பகுதி பொதுவாக வெப்பத்தால் இறுகச் செய்த அக்ரிலிக்கால் ஆனது. விரிசலை ஒட்டுவதற்குப் பெரும்பாலும் அறை வெப்பத்தில் தானே இறுகும் அக்ரிலிக் பயன்படுகிறது. இரண்டிலும் தூளையும் திரவத்தையும் கலக்கின்றனர். முன்னதில் வினையைத் தூண்டுவது வெப்பம். பின்னதில் திரவத்தில் சேர்த்துள்ள அமீன் என்னும் வேதிப்பொருள். இறுகிய பின்னும் அமீனில் ஒரு பகுதி உள்ளேயே தங்கி, நாளடைவில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகிறது. மேலும், வெப்பத்தால் இறுகிய அக்ரிலிக்கில் வினைபுரியாத திரவம் ஏறத்தாழ 0.2 முதல் 0.5 விழுக்காடே எஞ்சும்; தானே இறுகுவதில் 3 முதல் 5 விழுக்காடு வரை எஞ்சக்கூடும். நுண்துளைகளும் அதில் மிகுதி. தேநீர், காப்பி, மஞ்சள், வெற்றிலைச் சாறு ஆகியவற்றின் கறை அவற்றில் எளிதில் படிகிறது.

இக்குறையைக் குறைக்க வழிகள் உண்டு. அமீனுக்கு மாற்றாகப் பார்பிட்யூரிக் அமிலச் சேர்மங்களால் இறுகும் வகைகளில் நிறமாற்றம் குறைவு. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருளைச் சேர்ப்பதும் உதவும். வெதுவெதுப்பான நீருள்ள அழுத்தக் கலத்தில் இறுகச் செய்தால் நுண்துளைகள் குறையும்; நன்கு மெருகிட்டால் கறை எளிதில் பற்றாது. நிறம் முக்கியமெனில் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். வெப்பத்தால் இறுகும் அக்ரிலிக்கைக் கொண்டும் சீர்செய்ய இயலும். ஆனால் அதற்குக் கூடுதல் நேரம் பல்செட்டின்றி இருக்க நேரிடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• பழுதுபார்த்த பல்செட்டை முதல் இரவு முழுவதும் தூய நீரில் ஊறவையுங்கள். எஞ்சிய திரவம் ஓரளவு வெளியேறும்.

• மென்மையான தூரிகையாலும் மென்சோப்பாலும் துலக்குங்கள். பற்பொடி கீறலை உண்டாக்கும். கீறலில் கறை மேலும் ஆழமாகப் பதியும்.

• கொதிநீரில் இடாதீர்கள், வடிவம் கோணும்.

• உடைந்தால் வீட்டுப் பசையால் ஒட்டாதீர்கள்.

நிறம் மட்டும் மாறியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஒட்டிய இடத்தில் இடைவெளி, சொரசொரப்பு, துர்நாற்றம் இருந்தாலோ, ஈற்றில் எரிச்சலும் சிவப்பும் தோன்றினாலோ, பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பல் மருத்துவரைக் காணுங்கள்.