தும்பி மங்கை: ரெனே லாலிக்கின் மார்பணி

கல்லின் விலையே நகையின் மதிப்பு என்று பாரிஸ் நகரத்துச் செல்வந்தர்கள் எண்ணியிருந்த காலத்தில், மாட்டுக் கொம்பையும் கண்ணாடியையும் வைரத்தோடு சரிசமமாக வைத்துத் துணிந்து கையாண்ட ரெனே லாலிக் (1860–1945), தமது கற்பனைக்கு வேண்டிய ரூபங்கள் பலவற்றைப் பூச்சிகளிலும் மலர்களிலும் கண்டெடுத்தவர். தும்பியின் வாயிலிருந்து மங்கை வெளிப்படுகிறாளா, அன்றி அதற்கு இரையாகிறாளா என்று காண்போர் மயங்கும்படி அமைந்த இந்த ஆபரணத்தில், பின்தகடு ஏதுமின்றிப் பொற்சட்டங்களுக்கிடையே உலைச்சூட்டில் உருகிப் படிந்த எனாமல், ஒளி ஊடுருவும்போது மெய்ச்சிறகாகவே பிரகாசிக்கும். பெண்ணுருவம் பச்சைக் கிரிசோபிரேஸ் கல்லில் செதுக்கியது. அணிந்து உலாவுவதற்கு இது சற்றுப் பெரிதுதான்! 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் இடம்பெற்ற இதனை, லாலிக்கின் நண்பரும் ரசிகருமான கலூஸ்த் குல்பெங்கியான் வாங்கினார். சிறகுகளின் மூட்டுகளை உற்று நோக்குக: அவை அசையும்படி கீல் வைத்துச் செய்யப்பட்டவை.