ரீகால் வேலை முடிந்த பிறகும் ஹேண்டல் இழுக்கிறதா? மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் என்றால் நமக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது பக்கத்தில் சைட்கார் மாட்டிய பழைய ஈஎக்ஸ் 5 தான். எரிவாயு தோம்பு, கோழித் தீவனம், சில நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாம் அதில்தான் போகும். அந்த வண்டியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. கைதான் பவர்.

இந்தக் கட்டுரை பேசும் வண்டி வேறு. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007-இல் அறிமுகப்படுத்திய கேன்-ஆம் ஸ்பைடர் இந்த வகையில் அதிகம் அறியப்பட்டது. விலை கூடிய வண்டிதான், தோட்டத்து வாசலில் தினமும் பார்க்க முடியாது. ஆனால் அதில் உள்ள மின்சார பவர் ஸ்டீயரிங் இன்று நாம் ஓட்டும் மைவியிலும் சிட்டியிலும் இருப்பதன் உறவுக்காரன். ஆகவே ஸ்பைடர் இல்லாதவர்களும் படிக்கலாம்.

ஹேண்டலுக்கு ஏன் மோட்டார்?

சாதாரண மோட்டார் சைக்கிளை வளைவில் சாய்த்துத் திருப்புகிறோம். முன்னால் இரண்டு சக்கரம் உள்ள ஸ்பைடர் சாயாது. காரைப் போல சக்கரங்களைத் திருப்பித்தான் ஆக வேண்டும். மெதுவாகப் போகும்போது இரண்டு அகல டயர்களைத் திருப்ப நல்ல பலம் வேண்டும். அதற்காக ஸ்டீயரிங்கோடு ஒரு மின்சார மோட்டாரை இணைத்திருக்கிறார்கள். நீங்கள் ஹேண்டலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளக்கும். வண்டியின் வேகம் இன்னொரு சென்சாரிலிருந்து வரும். இரண்டையும் பார்த்து ஒரு சின்ன கணினி மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும். வேகம் குறைவு என்றால் உதவி அதிகம், வேகம் கூடினால் உதவி குறையும்.

இதில் கோளாறு இரண்டு வகை. உதவி நின்றுவிடுவது ஒன்று. ஹேண்டல் திடீரென்று கனக்கும், ஆனால் சக்கரத்துக்கும் ஹேண்டலுக்கும் நேரடி இணைப்பு இருப்பதால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்கும். நீங்கள் கேட்காத உதவியை மோட்டார் கொடுப்பது மற்றது. அதுதான் பயப்பட வேண்டிய வகை. காரில் என்றால் சீட்டும் கதவும் காக்கும். இங்கே நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஸ்பைடரின் ஆரம்ப கால மாடல்கள் பவர் ஸ்டீயரிங்குக்காகவே அமெரிக்காவில் ரீகால் செய்யப்பட்டன. ரீகால் என்றால் பாதுகாப்புக் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டு, நிறுவனம் தன் செலவில் சரிசெய்து தருவது.

பழுது பார்த்த பிறகு ஏன் பிரச்சினை வரும்?

பலருக்குப் புரியாத இடம் இதுதான். "புதுப் பார்ட் போட்டாச்சு, இன்னும் ஏன் இழுக்குது?" என்று கேட்பார்கள்.

ஸ்டீயரிங் யூனிட்டை மாற்றினால் சென்சாருக்கு 'நேர்' எது என்று மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். இதைக் கலிப்ரேஷன் என்கிறார்கள். அது கொஞ்சம் தப்பினால், நீங்கள் நேராகப் போகும்போதும் ஹேண்டலை யாரோ ஒரு பக்கம் அழுத்துவதாகக் கணினி நினைத்துக்கொள்ளும், மோட்டாரும் அந்தப் பக்கம் உதவும். வண்டி இடமோ வலமோ நழுவும். அலைன்மென்ட் தவறினாலும், முன் டயர் இரண்டில் காற்று சமமாக இல்லாவிட்டாலும் இதே மாதிரிதான் இழுக்கும். ஆகவே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடும் முன் காற்றைப் பாருங்கள். அஞ்சு நிமிட வேலை.

அடுத்த சந்தேகம் பேட்டரி. ஸ்டீயரிங் மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். வாரக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் பேட்டரி பலவீனமாக இருந்தால், மெதுவாகத் திருப்பும்போது உதவி விட்டுவிட்டு வரலாம், எச்சரிக்கை விளக்கும் எரியலாம். ரீகால் வேலையைத் திட்டுவதற்கு முன் இதையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்கே உரிய ஒன்று உண்டு. பஹாவ், ரந்தாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் மழை நாளில் ஓட்டினால் வண்டி முழுக்க செம்மண். பிறகு வாட்டர் ஜெட் வைத்து அடிக்கிறோம். வயர் கனெக்டரை ஒருமுறை கழற்றி மாட்டிய வண்டியில் அது சரியாக மூடாமல் இருந்தால், அந்தத் தண்ணீர் உள்ளே போகும். பழுது பார்த்த சில வாரம் நன்றாக ஓடி, பிறகு திடீரென்று மக்கர் பண்ணினால் இதையும் யோசிக்க வேண்டும்.

கார்களிலும் இது சின்ன விஷயமில்லை. 2024 அக்டோபரில் ஹோண்டா அமெரிக்காவில் ஏறக்குறைய 17 லட்சம் வாகனங்களை ஸ்டீயரிங் கியர்பாக்ஸுக்காகத் திரும்ப அழைத்தது. உள்ளே இருந்த பல்சக்கரம் உப்பி, கிரீஸ் குறைந்து, ஸ்டீயரிங் ஒட்டிக்கொண்டது. அதற்கான பழுதுபார்ப்பு ஒரு ஸ்பிரிங்கை மாற்றி கிரீஸ் போடுவதுதான். அந்த அளவு நுணுக்கமான வேலையை அவசரத்தில் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரிசெய்த பொருளே மறுபடி ரீகால்

இதற்குப் பெரிய உதாரணம் தக்காத்தா ஏர்பேக். 2014 ஜூலையில் சரவாக், சிபுவில் 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணிப் பெண், ஏர்பேக்கிலிருந்து பாய்ந்த உலோகத் துண்டால் உயிரிழந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே தெரியவந்த முதல் தக்காத்தா மரணம் அது. அதன் பிறகு மலேசியாவில் மேலும் உயிர்கள் போயின.

2019 மார்ச்சில் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் வாகனங்களை மீண்டும் அழைத்தது. ஏற்கனவே ரீகாலில் மாற்றிப் பொருத்திய இன்ஃப்ளேட்டர்களிலேயே தயாரிப்புக் கோளாறு இருந்தது. அதாவது உரிமையாளர்கள் சொன்னபடி வந்தார்கள், மாற்றினார்கள், பேப்பரில் 'முடிந்தது' என்று எழுதப்பட்டது. ஆனால் ஆபத்து வண்டியிலேயே இருந்தது.

அதனால்தான் ரீகாலுக்குப் பின் வரும் கோளாறை "நம்ம வண்டி அதிர்ஷ்டம் அப்படி" என்று விட்டுவிடக் கூடாது. உங்களுக்கு வருவது இன்னும் பத்து பேருக்கு வரலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஹேண்டல் தானாக அசைகிறது என்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள். லோரியில் ஏற்றி அனுப்பினாலும் பரவாயில்லை. தெரிந்த ஃபோர்மனிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். கை திறமை இருக்கலாம், ஆனால் வெளியே பிரித்த பிறகு சர்வீஸ் சென்டர் "நாங்கள் செய்ததல்ல" என்று சொல்ல இடம் கொடுத்துவிடுகிறோம். அகல டயர், உயர்த்திய ஹேண்டல் மாதிரி மாற்றங்களும் அப்படித்தான்.

எந்த வேகத்தில், எந்தப் பக்கம், மழையா வெயிலா, விளக்கு எரிந்ததா என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். கைப்பேசியில் மீட்டரை வீடியோ எடுங்கள், நிறுத்தி வைத்துத்தான். திரும்பப் போகும்போது 'ரீகால் வேலைக்குப் பின் வந்த கோளாறு' என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

பதில் கிடைக்கவில்லை என்றால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வாகனம் என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. பாதுகாப்பு பற்றிய புகாரை ஜேபிஜே-யிடமும் கொடுங்கள்.

இன்னொன்று, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். கடிதம் ஆபீஸ் வழியாக வரும், லயத்தைக் காலி செய்து தாமானுக்குப் போனவர்களைத் தேடி வராது. ரீகால் கடிதமும் நிறுவனத்திடம் இருக்கும் பழைய முகவரிக்கே போகும். இரண்டாம் கை வண்டி வாங்கியவர்கள் 'கிரான்' என்று நாம் சொல்லும் பதிவு அட்டையில் உள்ள சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வண்டிக்கு ரீகால் உண்டா? செய்தாகிவிட்டது என்றால், அந்த வேலைக்கே பிறகு இன்னொரு ரீகால் வந்ததா?