கண் ஓடுவதில்லை, தாவுகிறது!

செய்தித்தாளின் நடுவே பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை இடுங்கள். நண்பனை அதைப் படிக்கச் சொல்லி, மறுபுறமிருந்து துளை வழியே அவன் கண்ணைக் கவனியுங்கள். கருவிழி வரியின்மீது சீராக ஓடும் என்றுதானே எண்ணுகிறோம்? இல்லை. நிற்கும், வெடுக்கெனத் தாவும், மீண்டும் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இது ஆராயப்பட்டது.

விழித்திரையின் நடுக்குழியில் விழும் பிம்பம் மட்டுமே எழுத்துகளைப் பிரித்தறியும் அளவுக்குத் தெளிவானது. அப்பகுதி காண்பது சுமார் 2 பாகை கோணம்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மறைக்கும் இடம்! ஆங்கிலம் படிக்கும்போது ஒரு தாவலில் கண் 7 முதல் 9 எழுத்துகளைக் கடக்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் வினாடி. ஆகவே நிமிடத்துக்குச் சுமார் 240 நிறுத்தங்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சொற்கள் படிக்கக் கற்றுத்தருவதாகக் கூறும் விளம்பரங்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு 2024க்குள் முழுவதும் கணினிக்கு மாறிவிட்டது. அதன் வாசிப்புப் பகுதியில் 64 நிமிடங்களுக்கு 54 வினாக்கள். வினாவுக்குச் சராசரி 71 வினாடி. பத்திகள் 25 முதல் 150 சொற்கள் வரை. நிமிடத்துக்கு 200 சொற்கள் படிப்பவருக்கு 100 சொல் பத்தி 30 வினாடியில் முடியும். வேகத்தை இரட்டித்தாலும் மிச்சமாவது 15 வினாடியே. பொருள் புரியாமல் பத்தியைத் திரும்பப் படித்தாலோ 30 வினாடி போய்விடும்.

கண் எங்கே தயங்குகிறது? அரிதான சொற்களில். அங்கே நிறுத்தம் நீள்கிறது, பின்னோக்கியும் தாவுகிறது. அப்படியானால் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யலாமா? எதிர்ச்சொல் வினாக்கள் 1994இலும், சொல் உறவு வினாக்கள் 2005இலும் இத்தேர்விலிருந்து நீக்கப்பட்டன. இப்போது கேட்பது, அந்தப் பத்தியில் அச்சொல் தரும் பொருளை. எனவே புதுச் சொல்லை அது வந்த வாக்கியத்தோடு குறித்து வையுங்கள்.

திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவுகூர்வதே மேல். அமெரிக்க உளவியலறிஞர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், பத்தியை இருமுறை படித்த மாணவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் 42 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதியவர்களோ 56 விழுக்காடு! ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மட்டும் இருமுறை படித்தவர்களே முந்தினர். தேர்வுக்கு முந்திய இரவுப் படிப்பு ஏமாற்றுவது இதனால்தான்.

நாள்தோறும் ஆங்கில அறிவியல் கட்டுரை ஒன்றின் ஒரு பத்தியைப் படித்து, மூடிவிட்டு, ஆசிரியர் சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள். ‘ஹவ்எவர்’, ‘ஆல்தோ’ போன்ற சிறு சொற்களைத் தவறவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பத்தியின் கருத்து பெரும்பாலும் அங்கேதான் திரும்பியிருக்கும்.