பத்திக் விற்று வாங்கிய கிராமம்

இலங்கையின் எஹலியகொடப் பக்கம் மாணிக்கக் குழி வெட்டுவோர் மேல்மண்ணையும் களியையும் அள்ளி ஒதுக்கிய பிறகுதான், கல் கிடக்கும் ‘இல்லம்’ என்ற சரளை அடுக்கைக் காண்பார்கள். கல் நகைக்குப் போகிறது, களி குழியோரம் கிடக்கிறது. கலைஞனுக்கு இரண்டும் வேலைக்கு ஆகும்.

அப்படி எதையும் ஒதுக்காமல் பல கைவேலைகளைச் சேர்த்துப் பிழைத்த ஓவியர்கள் சென்னைக்கருகே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் குடியேறினார்கள். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படம் வரைந்து மட்டும் வயிறு வளர்க்க முடியாதென்பது அவருக்குத் தெரியும். மாணவர்களை, மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பத்திக் துணி, மட்பாண்டம், உலோக வேலை என்று கைத்தொழில் பக்கம் திருப்பினார். ஓவியன் துணிக்குச் சாயம் தோய்ப்பதா என்று முகம் சுளித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கைவினைப் பொருட்கள் விற்ற காசைச் சேர்த்து மணற்காட்டை வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. வீடும் பட்டறையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

பகலில் விற்பனைக்கான வேலை, மிச்ச நேரம் தன் ஓவியம். பணிக்கரின் பிற்கால ஓவியங்களைப் பாருங்கள்: ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், படித்தால் பொருள் தராத எழுத்து வரிசைகள், இடையே மீனும் பாம்பும். ஜோதிடர் வீட்டு ஏட்டைப் பிரித்தது போலிருக்கும்.

பணிக்கர் 1977இல் காலமானார். கிராமம் இன்றும் இயங்குகிறது. அதன் கலைக்கூடத்தைப் பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம்.