பெட்டி சிறிது, கணக்குப் பெரிது

ஒரு வீட்டுக்குக் கணினி வாங்குவதென்றால் முதலில் எழும் கேள்வி விலை. அடுத்த கேள்வி, அதை எங்கே வைப்பது என்பது. நம் ஊர் வீடுகளில் பெண்பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் ஒரே அறையில் படிக்கிறோம். மேசையும் ஒன்றுதான். நாளை ஒலுவிலுக்கோ பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ பல்கலைக்கழகம் கிடைத்தால், விடுதி அறை அதைவிடச் சிறியது. இந்த இடநெருக்கடிக்குப் பொருத்தமான விடைகளில் ஒன்றுதான் சிறிய பெட்டிக் கணினி.

நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். அக்கரைப்பற்று சாகாமம் வீதியில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சென்ற வருடம் இப்படியொரு கணினியை நானும் நானாவும் சேர்ந்து தெரிவு செய்து பூட்டினோம். அதற்காகப் படித்ததையும் அளந்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

கடைக்குப் போனதும் ஒன்று கவனித்தேன். கேள்வி கேட்டது நான். ஆனால் விற்பவர் பதில் சொன்னது முழுவதும் நானாவின் முகத்தைப் பார்த்தே. அளவுகளை எழுதிய தாளை எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார். சகோதரிகளே, அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை.

விளையாட்டுக்கா, படிப்புக்கா?

உம்மா கேட்ட கேள்வி இது. பல பெற்றோர் கேட்பதும் இதுதான். மறைக்காமல் சொன்னால், இரண்டுக்கும்தான். கேம் ஓடுவதற்குத் தேவையான வேகமான புரொசஸரும் கிராபிக்ஸ் கார்டும்தான் வீட்டுத் திட்டம் வரைவதற்கும், வீடியோ தொகுப்பதற்கும், முப்பரிமாண உருவங்கள் செய்வதற்கும் வேண்டும். எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய விடயம். எந்தப் பாகம் எதனோடு பொருந்தும் என்பது அளந்து தீர்க்க வேண்டிய விடயம்.

இதில் பணமும் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. கணினிப் பாகங்கள் எல்லாமே இறக்குமதிப் பொருட்கள் என்பதால் விலையும் அப்படியே ஏறியது. வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார் மாதக்கணக்கில் சேமிக்கும் பணம் அது. பெட்டியைப் பிரித்த பிறகு "பொருந்தவில்லை" என்று கொண்டுபோனால் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை. பொருள் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கியதென்றால், திருப்பிக் கொடுப்பதற்கே ஓர் இரவு பஸ் பயணம்.

முதலில் கேசிங்

சாதாரணக் கணினி பூட்டுபவர்கள் புரொசஸரில் தொடங்குவார்கள். சிறிய கணினியில் கேசிங்கில்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் மற்ற எல்லாப் பாகங்களின் அளவையும் அதுவே தீர்மானிக்கிறது.

சிறிய கேசிங்கின் பருமனை லீற்றரில் சொல்வார்கள். பொதுவாக 20 லீற்றருக்குக் குறைந்தவை சிறியவை. வீடுகளுக்கு வரும் பெரிய குடிநீர்ப் போத்தல் 19 லீற்றர். அதை வைத்து மனதில் அளந்து பாருங்கள். கூலர் மாஸ்டர் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட என்ஆர்200 கிட்டத்தட்ட 18 லீற்றர். ஜேர்மனியில் வடிவமைக்கப்பட்ட டான் ஏ4 சுமார் 7 லீற்றர்தான். பெட்டி சுருங்கச் சுருங்கப் பொருந்தும் பாகங்கள் குறையும், விலை கூடும், சூடும் கூடும். முதன்முதலாகப் பூட்டுபவர்களுக்கு 15 முதல் 20 லீற்றர் வரையான பெட்டியே நல்லது.

கேசிங் பிடித்துவிட்டால் அதன் விபரத்தாளிலிருந்து நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: கிராபிக்ஸ் கார்டின் அதிகபட்ச நீளம், அதன் அதிகபட்சத் தடிப்பு, புரொசஸர் கூலரின் அதிகபட்ச உயரம், பவர் சப்ளையின் வகை.

மதர்போர்டும் புரொசஸரும்

சிறிய பெட்டிகளுக்கு உரியது மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்ட். தைவானைச் சேர்ந்த வியா நிறுவனம் 2001 இல் அறிமுகப்படுத்திய அளவு இது: நீளம் 17 செ.மீ., அகலம் 17 செ.மீ. வழக்கமான ஏடிஎக்ஸ் போர்ட் 30.5 செ.மீ. நீளமும் 24.4 செ.மீ. அகலமும் கொண்டது. இடைப்பட்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் விலை குறைவு. ஆனால் அதன் பக்கம் 24.4 செ.மீ. வரை வரும் என்பதால் மினி-ஐடிஎக்ஸுக்கென்று செய்த பெட்டிக்குள் போகாது.

புரொசஸர் உட்காரும் இடத்துக்கு சொக்கெட் என்று பெயர். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4 சொக்கெட். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்5. இன்டெல்லின் 12, 13, 14 ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700. ஒன்றுக்குரியது மற்றொன்றில் உட்காராது. சொக்கெட் ஒன்றாக இருந்தாலும் இன்னொரு தடை வரலாம். போர்ட் பழையதாகவும் புரொசஸர் புதியதாகவும் இருந்தால், போர்டின் பயோஸ் மென்பொருளைப் புதுப்பிக்கும்வரை கணினி எழும்பாது. "இந்தப் போர்டில் இந்தப் புரொசஸர் அப்படியே வேலை செய்யுமா?" என்று கடையில் கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். இன்டெல் புரொசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதனுள் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்ட் இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. ரைசன் 5 5600 உம் அப்படியே. ரைசன் 5 5600ஜி, ரைசன் 5 7600 இரண்டிலும் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. பணம் ஒரே தடவையில் சேராத வீடுகளுக்கு இது பெரிய உதவி. இன்று கார்ட் இல்லாமல் தொடங்கிப் படிப்பு வேலைகளைப் பார்க்கலாம். அடுத்த வருடம் கார்ட் வாங்கிச் செருகலாம்.

ரேமும் சேமிப்பும்

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 ஊசிகள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் துளையில் மற்றது இறங்காது. ஏஎம்4 போர்டுக்கு டிடிஆர்4, ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்5. எல்ஜிஏ1700 போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு. போர்டின் பெயரைப் பார்த்தே வாங்க வேண்டும்.

மினி-ஐடிஎக்ஸ் போர்டில் ரேம் துளைகள் பெரும்பாலும் இரண்டே. 8 ஜிபி இரண்டு செருகிவிட்டால் பிறகு கூட்ட இடமில்லை. இரண்டையும் கழற்றி விற்க வேண்டி வரும். முடிந்தால் 16 ஜிபி இரண்டை ஒரே சோடியாக வாங்குங்கள். ரேமின் மேலுள்ள அலங்காரத் தகடு உயரமாக இருந்தால் கூலரில் இடிக்கும். தட்டையான ரேம் போதும்.

சேமிப்புக்கு எம்.2 துண்டு ஒன்று. 2280 என்ற எண்ணின் பொருள் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்பதாகும். எம்.2 வடிவத்தில் சாட்டா, என்விஎம்ஈ என்று இரு வகை உண்டு. போர்ட் எதை ஏற்கும் என்று பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டின் மூன்று அளவுகள்

பலரும் நீளத்தை மட்டுமே பார்க்கிறார்கள். எங்கள் மாமாவின் மகனுக்குக் கட்டாரிலிருந்து ஒரு கார்ட் வந்தது. நீளம் சரியாக இருந்தது. ஆனால் தடிப்பு மூன்று ஸ்லொட், அவர் பெட்டியில் இரண்டு ஸ்லொட்டுக்குத்தான் இடம். கார்டை விற்பதா பெட்டியை விற்பதா என்று ஒரு மாதம் யோசித்து, கடைசியில் பெட்டியைத்தான் விற்றார்.

நீளம், தடிப்பு, உயரம் மூன்றும் வேண்டும். உயரத்தைப் பார்க்கும்போது, கார்டின் மேற்புறத்தில் செருகும் மின்வயர் வளைவதற்கான இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கதவு அந்த வயரை நசுக்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகளை ஒரே பெயரில் பல நிறுவனங்கள் செய்கின்றன. சில ஒற்றை விசிறியோடு குட்டையாகவும், சில மூன்று விசிறியோடு நீளமாகவும் வரும். ஆகவே பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் முழு மொடல் எண்ணையும் சொல்லி வாங்குங்கள்.

பவர் சப்ளை

சிறிய பெட்டிகள் பலவற்றுக்கு எஸ்எஃப்எக்ஸ் வகை வேண்டும். அதன் அளவு 125 × 100 × 63.5 மி.மீ. வழக்கமான ஏடிஎக்ஸ் வகை 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் கொண்டது.

எத்தனை வாட் வேண்டும் என்பதற்கு எங்கள் கணக்கையே தருகிறேன். ரைசன் 5 7600 அதிகபட்சம் எடுப்பது 88 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வாட். போர்ட், ரேம், விசிறிகளுக்கு 50 வாட் என்று வைத்தால் மொத்தம் 253 வாட். ஆனாலும் அந்தக் கார்டுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைப்பது 550 வாட். கார்ட் கணப்பொழுதில் கூடுதலாக இழுக்கும். முழுப் பாரத்தில் ஓடும் பவர் சப்ளையோ சூடாகி இரைச்சலிடும். அதனால்தான் அந்த இடைவெளி. 1000 வாட் வாங்குவது வீண்செலவு.

ஓர் எச்சரிக்கை: ஒரு பவர் சப்ளையின் கழற்றும் வயர்களை வேறொரு பவர் சப்ளையில் செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே வயர்களின் ஒழுங்கு மாறியிருக்கும். பாகங்கள் எரிந்துபோகலாம்.

கச்சான் காற்றும் கரண்டும்

வீடியோக்களில் கணினிகளைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில், 22 பாகை அளவில் சோதிக்கிறார்கள். நம் கரையில் கச்சான் வீசும் மாதங்களில் அறையே 33 பாகையைத் தொடும். அவர்கள் காட்டும் வெப்பநிலையோடு 10 பாகையைக் கூட்டிக்கொண்டால் நம் வீட்டு நிலைமை ஓரளவு தெரியும்.

கூலரின் உயரத்தை இங்கேதான் பார்க்க வேண்டும். ரைசன் 5 7600 உடன் பெட்டியிலேயே வரும் கூலர் சுமார் 54 மி.மீ. உயரம். என்ஆர்200 இல் அது தாராளமாகப் போகும். டான் ஏ4 போன்ற பெட்டிகளில் கூலருக்கான இடம் 50 மி.மீ.க்கும் குறைவு என்பதால் போகாது. பெட்டியில் காற்று உள்ளே வரவும் வெளியேறவும் வழி இருக்க வேண்டும். அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கடற்கரை ஊர்களில் உப்பும் ஈரமும் மணலும் சேரும். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தூசி வலையைத் துடைத்தால் போதும்.

மின்தடை நமக்குப் புதிதல்ல. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முழுநாடும் இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. ஒரு யூபிஎஸ் இருந்தால் கணினியை முறையாக நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கும். யூபிஎஸ்ஸில் பெரிதாக எழுதியிருக்கும் 'விஏ' எண் வாட் அல்ல. வாட் எண் அதைவிடக் குறைவாகவே இருக்கும். எங்கள் கணக்கின்படி கணினிக்கு 253 வாட், திரைக்கு 30 வாட். ஆகவே 350 வாட்டுக்குக் குறையாத யூபிஎஸ் வேண்டும். சுவர்ச் சொக்கெட்டில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புப் பெட்டி கையைச் சுண்டினால் பெரும்பாலும் எர்த் குறைபாடுதான் காரணம்.

கடைக்குக் கொண்டுபோகும் தாள்

1. கேசிங்: மொடல் எண், மேலே சொன்ன நான்கு அளவுகள்
2. மதர்போர்ட்: மினி-ஐடிஎக்ஸ், சொக்கெட், பயோஸ்
3. புரொசஸர்: சொக்கெட், உள்ளே கிராபிக்ஸ் உண்டா
4. ரேம்: டிடிஆர் வகை, எத்தனை துண்டு, உயரம்
5. கார்ட்: நீளம், தடிப்பு, உயரம், வாட்
6. பவர் சப்ளை: வகை, வாட்
7. கூலர்: உயரம்
8. உத்தரவாதம்: எத்தனை வருடம், எங்கே கொண்டுபோக வேண்டும்

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தாளை மகளையே நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பிய பிறகு ஏன் இந்த எண் என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். வாப்பா எங்களிடம் தொலைபேசியில் அப்படித்தான் கேட்டார். எல்லா வரிக்கும் விடை கிடைத்த பிறகே பணம் அனுப்பினார். ஒரு வரிக்கு விடை இல்லையென்றாலும் அன்றைக்கு வாங்காமல் வீடு திரும்புங்கள். அடுத்த வாரமும் கடை அங்கேதான் இருக்கும்.